மஸ்டர் எடுப்பவருக்கும் பயிற்சி வேண்டும்: நீலகிரித் தோட்ட நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேயிலைத் தோட்ட உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம். காலையில் மஸ்டர் (வருகைக் கணக்கு) எடுத்து வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரிகளுக்கும், அலுவலக எழுத்தர்களான ரைட்டர்களுக்கும் பணியாளர் நிர்வாகத்தில் பயிற்சி கொடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் அம்மா 31 ஆண்டுகள் கொழுந்து பறித்தார். ஓய்வு பெற்றபோது வருங்கால வைப்பு நிதிப் பதிவில் ஒரு பெயரும் ஆதாரில் வேறொரு பெயரும் இருந்தன. வேலைக்குச் சேர்ந்த நாளில், மேஸ்திரி கூப்பிட்ட பெயரையே செக்ரோலில் (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) எழுதியிருந்தார்கள். தொழிலாளியும் நிர்வாகமும் கூட்டாகக் கையெழுத்திட்டு விண்ணப்பித்தால் திருத்தியிருக்கலாம். அந்த வழி அலுவலக ரைட்டருக்குத் தெரியாததால் பணம் கைக்கு வர 11 மாதங்கள் ஆயின. அவர் நல்ல மனிதர். அம்மாவுக்காகத் தம் கைக்காசில் இரண்டு முறை கோவைக்குப் பேருந்து ஏறியவர். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

கோவையில் ஒரு நூற்பாலையின் பணியாளர் துறையில் 14 ஆண்டுகளாக வேலை பார்ப்பதால் இதை எழுதத் துணிகிறேன். 300 தொழிலாளருக்குக் குறையாத தோட்டத்தில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. அதைவிடச் சிறிய தோட்டங்களில் விடுப்பு, பேறுகால உதவி, பணிக்கொடை, சண்டை சச்சரவு எல்லாம் ரைட்டர் மேசைக்கும் மேஸ்திரியின் வாய்ச்சொல்லுக்குமே வருகின்றன. மனிதவள மேலாண்மை என்று நகரத்தில் பட்டம் வாங்கிச் செய்யும் வேலையை, இவர்கள் அந்தப் பெயர்கூடத் தெரியாமல் நாள்தோறும் செய்கிறார்கள்.

எனக்கு மிகுந்த கவலை தருவது ஒழுங்கு நடவடிக்கைதான். காலை மஸ்டரில் வாய்த்தகராறு முற்றினால் "நாளையிலிருந்து வராதே" என்ற ஒரு சொல்லில் ஒரு குடும்பம், தோட்டம் கொடுத்த லயத்து (வரிசைக் குடியிருப்பு) வீட்டையும் இழக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுப்பது, விளக்கம் சொல்ல அவகாசம் தருவது, குற்றம் சாட்டியவரே விசாரணை அலுவலராக அமராமல் பார்த்துக்கொள்வது ஆகியவை பழகினால் வரக்கூடிய திறமைகள். பழகாத இடத்தில் தொழிலாளி வேலையை இழக்கிறார். நிர்வாகமோ தொழிலாளர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் அலைகிறது. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைக்க வேண்டிய பாலியல் புகார் விசாரணைக் குழுவின் உறுப்பினர்களுக்கும் இந்தப் பழக்கம் வேண்டும். ஜார்க்கண்டிலிருந்து வந்திருப்பவர்களுக்குச் சம்பளச் சீட்டில் உள்ள பிடித்தங்களை இந்தியில் விளக்க, டிவிஷனுக்கு (தோட்டப் பிரிவுக்கு) ஒருவரையாவது பழக்க வேண்டும்.

வருகைப் பதிவுக்கு விரல்ரேகைக் கருவி வாங்கப் பணம் ஒதுக்குகிறீர்கள். அதில் ஒரு பங்கை இதற்கும் ஒதுக்குங்கள். பனியில் கொழுந்து குறையும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், நான்கைந்து தோட்டங்கள் சேர்ந்து ரைட்டர்களையும் மேஸ்திரிகளையும் சம்பளத்துடன் வகுப்புக்கு அனுப்பலாம். வகுப்பு தமிழில் நடக்கட்டும். உங்கள் தோட்டத்துப் பழைய கோப்புகளே பாடமாக இருக்கட்டும். பணிக்கொடையை 30 நாட்களுக்குள் கணக்கிட்டுக் கொடுப்பதிலிருந்து தொடங்கலாம்.

வரும் ஜனவரியில் இப்படி ஒரு வகுப்பு நடத்த நீங்கள் முன்வந்தால், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மலையேறி வந்து ஊதியமின்றிச் சொல்லிக்கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரித் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள்