பழைய தாளின் பின்பக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன மாதம் குளியலறைக் குழாய் ஒன்றை மாற்ற வேண்டியிருந்ததால், இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைப் பையன் விலையைக் கூட்டி, ஒரு பழைய தாளில் எழுதிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து தாளைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் யாரோ ஒரு அம்மாவின் பச்சை ஐடி புத்தக (நம் நாட்டு அடையாள ஆவணம்) நகல். முகம், பெயர், 13 இலக்க எண் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. ஓரத்தில் பேனாவால் வீட்டு முகவரியும் செல்போன் எண்ணும் எழுதியிருந்தது.

உடனே திரும்பிப் போய்க் கடைக்காரரிடம் காட்டினேன். "அது பழைய பேப்பர்தானே, அங்கிள்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, பல வருடமாகத் தெரிந்தவர். ஆனால் கல்லாவுக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி நிறைய அதே மாதிரித் தாள்கள் கிடந்ததைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அந்த அம்மாவின் வீடு நடக்கிற தூரம்தான். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுபது வயதைத் தாண்டியவர். கூரைத் தகடு வாங்குவதற்காக எப்போதோ கடையில் கணக்குத் திறந்தாராம். அப்போது கொடுத்த நகல் அது. கடனைக் கட்டி முடித்தே வெகுகாலம் ஆகிவிட்டது என்றார்.

பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். ஐடி எண் அப்படியல்ல, சாகும்வரை கூட வருவது. முதல் ஆறு இலக்கம் நம் பிறந்த தேதி. அடுத்த நான்கு, ஆணா பெண்ணா என்று சொல்லும். 5000க்குக் கீழே என்றால் பெண். அதற்கடுத்த இலக்கம் குடியுரிமை. நிறவெறி ஆட்சியில் நம் இனம் என்ன என்பதையும் இதே எண்ணுக்குள் குறித்து வைத்திருந்தார்கள். இந்த எண்ணோடு முகவரியும் கிடைத்துவிட்டால், இன்னொருவர் உங்கள் பெயரில் துணிக்கடையில் கணக்குத் திறக்கலாம், சிம் கார்டு வாங்கலாம். கடன்காரர் வாசலுக்கு வந்து நிற்கும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும்.

பெரிய நிறுவனங்களே ஏமாந்திருக்கின்றன. 2020இல் எக்ஸ்பீரியன் என்ற கடன்தகவல் நிறுவனத்திடம், வாடிக்கையாளரின் ஆள் என்று பொய் சொல்லி ஒருவர் தகவலை வாங்கிக்கொண்டு போனார். சுமார் 2.4 கோடி தென்னாப்பிரிக்கர்களின் விவரம் அதில் இருந்ததாக அப்போது சொன்னார்கள். அவர் கேட்டார், அவர்கள் கொடுத்தார்கள். இதில் கணினிப் பூட்டை உடைக்கும் வேலையே இல்லை. நானும் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிடுகிற ஆள்தான் என்பதால், இந்தச் செய்தியை என்னால் மறக்க முடியவில்லை.

இந்தப் பழக்கம் எங்கள் தலைமுறைக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மாகாண எல்லையைத் தாண்டவே இந்தியர்கள் பெர்மிட் வாங்க வேண்டியிருந்த காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். டிரான்ஸ்வால் மாகாணத்தில் இருந்த அத்தையைப் பார்க்கப் போகும்போதெல்லாம் என் அப்பா தாள்களைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். யாராவது கேட்டால் ஒரு வார்த்தை பேசாமல் நீட்டிவிடுவார். அந்தப் பயம் இன்னும் எங்கள் கையில் இருக்கிறது. கேட்பவர் போலீசா, சோபா விற்கிறவரா என்றுகூடப் பார்ப்பதில்லை.

சரி, யாருக்குக் கொடுத்தாக வேண்டும்? வங்கி கேட்டால், பணமோசடியைத் தடுக்கும் ஃபிகா சட்டப்படி கொடுக்கத்தான் வேண்டும். சிம் கார்டுக்கு ரிகா சட்டம் இருக்கிறது. மற்றவர்கள் கேட்டால் நாம் திருப்பிக் கேட்கலாம். 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கும் போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தேவைக்கு மேல் தகவல் வாங்கக்கூடாது என்கிறது. தேவை முடிந்த பிறகு வைத்திருக்கவும் கூடாது, மறுபடி படிக்க முடியாதபடி அழிக்க வேண்டும் என்கிறது. மீறினால் அபராதம் ஒரு கோடி ரேண்ட் வரைக்கும் போகலாம். அந்த அட்டைப்பெட்டியை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படித்துப் பாருங்கள்.

அப்புறம் இந்த வாட்ஸ்அப். பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு மண்டபம் பேசப் போனபோது, "ஐடியைப் போட்டோ எடுத்து என் நம்பருக்கு அனுப்பிடுங்க" என்றார்கள். அது அந்தப் பெண்ணின் சொந்த போன். நாளைக்கு அவள் வேலையை விட்டுப் போனால் என் ஐடியும் அவளோடு போய்விடும். "காட்டுகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள், நகல் வேண்டாம்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டாள். நகல் கொடுத்தே ஆக வேண்டிய இடங்களில் இப்போது ஒன்று செய்கிறேன். முகத்தின் மேலும் எண்ணின் மேலும் குறுக்கே கோடு இழுத்து, எந்தக் கடைக்கு, எதற்காக, என்ன தேதி என்று பேனாவால் எழுதிவிடுகிறேன். வேறு இடத்தில் அதை நீட்ட முடியாது.

குடியிருப்பு வாசல்களில் இருக்கும் வருகைப் பதிவேடும் எனக்குப் பிடிக்காத ஒன்று. நமக்கு முன்னால் வந்த பத்துப் பேரின் ஐடி எண், போன் எண், கார் எண் எல்லாம் நம் கண்முன்னே திறந்து கிடக்கின்றன.

அந்த அம்மாவின் பெயரில் வேறு யாரும் கடன் வாங்கியிருக்கிறார்களா என்று தெரிய வேண்டுமே. கிரெடிட் ரிப்போர்ட்டை வருடத்துக்கு ஒருமுறை இலவசமாக வாங்கிப் பார்க்க நமக்கு உரிமை உண்டு. அதை வாங்க வரும் வாரம் அவரோடு உட்காரப் போகிறேன். சதர்ன் ஆஃப்ரிக்கன் ஃபிராட் பிரிவென்ஷன் சர்வீஸ் என்ற அமைப்பிலும் பெயரைப் பதியலாம், அதுவும் இலவசம். பதிந்தால், அவர் பெயரில் யாராவது கடன் கேட்கும்போது கூடுதலாகச் சரிபார்க்கும்படி கடன் கொடுப்பவர்களுக்கு எச்சரிக்கை போகும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். "எந்தச் சட்டப்படி கேட்கிறீர்கள்? எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள்? பிறகு என்ன செய்வீர்கள்?" என்ற மூன்று கேள்விகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில், வெட்டி எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு உங்கள் இதழில் அச்சிடுங்கள். எங்கள் முதியோர் சங்கத்துக்கு ஐம்பது பிரதி வேண்டும். காசு நானே கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்