64.2 சரியா, 64.05 சரியா?

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் நலமறிய ஆவல்.

இரண்டு சர்வே கல்லுக்கு நடுவே எஃப்.எம்.பி. என்னும் பழைய புல அளவுப் படத்தில் 64.2 மீட்டர், உன் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியில் 64.05. எதை நம்புவது என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். நிதானமாக எழுதுகிறேன், கையில் வைத்துக்கொள்.

இரண்டுமே சரியாக இருக்கலாம், கண்ணு. அந்த 64.2 எப்படிப் பிறந்தது என்று பார். 20 மீட்டர் அளவுச் சங்கிலியில் 100 லிங்க், அதாவது 100 கண்ணி. ஒரு லிங்க் 20 செ.மீ. கல் எந்த லிங்க்குக்கு அருகே விழுகிறதோ அதைக் குறித்துவிட்டு அடுத்த கல்லுக்குப் போவார்கள். 64.2 என்றால் 321 லிங்க். உண்மைத் தூரம் 64.1 ஆக இருந்தாலும் 64.3 ஆக இருந்தாலும் ஏட்டில் ஏறுவது 64.2தான். மிச்சம் 5 செ.மீ. அதற்குத் தரையைப் பார். சங்கிலியை மண்மேல் கிடத்தி அளந்திருந்தால் சரிவும் சேர்ந்தே வரும். இரண்டரைப் பாகைச் சரிவு 64 மீட்டரில் 6 செ.மீ. கூட்டிக் காட்டும்; கண்ணுக்கு அது சமதளம் போலத்தான் தெரியும். உன் கருவியிலும் கிடைத்தூரத்தைப் படித்தாயா, சாய்வுத்தூரத்தைப் படித்தாயா என்று ஒரு முறை பார்த்துக்கொள்.

பழைய படங்களில் இன்னொரு குழி இருக்கிறது. அவை மெட்ரிக் லிங்க்கில் வரையப்பட்டவை அல்ல. 1620-இல் எட்மண்ட் கண்டர் அமைத்த சங்கிலி 66 அடி நீளம். அதிலும் 100 லிங்க்தான், ஆனால் ஒரு லிங்க் 7.92 அங்குலம், அதாவது 20.1168 செ.மீ. கணக்குப் போடத் தோதாகச் செய்த சங்கிலி அது. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். நம் ஊரில் சென்ட் இன்றும் பேச்சில் நிலைத்திருப்பதற்கு அந்தச் சங்கிலியே வேர். 319 லிங்க் என்று பழைய படத்தில் இருப்பதை யாராவது 20 செ.மீ.யால் பெருக்கினால் 63.80 வரும், முறைப்படி பெருக்கினால் 64.17. வித்தியாசம் 37 செ.மீ., ஒரு சுவரின் அகலத்துக்கு மேல். ஆகவே படத்தை எடுத்ததும் எண்ணைப் பார்க்கும் முன்னே அலகைப் பார்.

சங்கிலிக்கென்றே சில பிழைகள் உண்டு. தெரிந்துவைத்தால், வித்தியாசத்தின் அளவே காரணத்தைச் சொல்லிவிடும். கண்டர் சங்கிலியில் பத்து லிங்க்குக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். பத்துக்கு ஒரு பல், இருபதுக்கு இரண்டு பல், நடுவில் ஐம்பதுக்கு வட்டம். இரு முனையிலிருந்தும் ஒரே மாதிரி என்பதால் 40-உம் 60-உம் ஒரே நாலு பல் வில்லை. 30-உம் 70-உம் அப்படியே. வட்டத்தைத் தாண்டியாயிற்றா என்று பார்க்காமல் படித்தவர் 60-ஐ 40 என்று எழுதிவிடுவார். வித்தியாசம் சரியாக 20 லிங்க் அல்லது 40 லிங்க் என்று வந்தால் இந்தப் பிழையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். முழுச் சங்கிலி ஒன்று குறைந்தால் அது அம்பின் தப்பு; அம்பு என்றால் தரையில் குத்தும் கம்பி. சங்கிலி பிடித்து முன்னால் போகிற செயின்மேன் பத்து அம்புகளோடு கிளம்பி ஒவ்வொரு சங்கிலி முடிவிலும் ஒன்றைக் குத்துவார், பின்னால் வருபவர் பிடுங்கிச் சேர்ப்பார். அவர் கையில் உள்ள எண்ணிக்கைதான் கணக்கு. புல்லுக்குள் ஓர் அம்பு தங்கிவிட்டால் ஒரு சங்கிலி காணாமல் போகும்.

தேய்மானம் வேறு வகை. வளையத்தோடு வளையம் உரசி உரசி, இழுத்து இழுத்து, சங்கிலி நீளும். நீண்ட சங்கிலி தூரத்தைக் குறைத்துக் காட்டும். பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 20 மீட்டர் சங்கிலி 5 செ.மீ. நீண்டிருந்தால் உண்மையான 64.05 மீட்டர் 63.89 என்று வரும். உன் இடத்தில் படத்தின் அளவு கூடுதலாக இருப்பதால் இங்கே இது காரணமில்லை. ஆனால் ஒரு கிராமம் முழுவதும் ஒரே விகிதத்தில் படம் குறைத்துக் காட்டினால், அந்தச் சங்கிலியைச் சோதிக்காமல் களத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று பொருள். கம்பி வளைந்தாலோ வளையத்துக்குள் சேறு சேர்ந்தாலோ சங்கிலி குறுகி, எதிர்ப்பக்கம் தப்பாகும்.

இந்தத் தப்புகளுக்கு அஞ்சி எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதற்கு நம் பரங்கிமலையே சாட்சி. 1802 ஏப்ரல் 10-இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் அங்கே அடிக்கோட்டை, அதாவது மற்றத் தூரங்களைக் கணக்கிட அடிப்படையான நேர்கோட்டை, அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் தூரம், 57 நாள். கருவி செய்பவரான ராம்ஸ்டன் செய்த 100 அடி எஃகுச் சங்கிலி. இரண்டரை அடிக்கு ஒரு கண்ணி என்று மொத்தம் 40 கண்ணி. அதை மண்ணில் கிடத்தவே இல்லை. முக்காலிகள் மேல் மரப்பெட்டிகளை மட்டம் பார்த்து வைத்து, அதற்குள் நீட்டி, வெப்பமானியையும் கூடவே வைத்தார்கள். சித்திரை வெயிலில் எஃகு நீளும். 20 பாகை செல்சியஸ் ஏறினால் 30 மீட்டருக்கு ஏறக்குறைய 7 மி.மீ. ஏழரை மைலுக்கு அதை விட்டுவிட்டால் கிட்டத்தட்ட 3 மீட்டர் போய்விடும். இப்படி 400 முறை சங்கிலியை நீட்டினார்கள். ஒரே ஒரு கோட்டுக்கு! அதன்பின் முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாகக் கோணங்களை மட்டும் அளந்துகொண்டு பெங்களூர் வரை போய், அங்கே 1804-இல் இன்னொரு அடிக்கோட்டைத் தரையில் அளந்து ஒப்பிட்டார்கள். கணக்கில் வந்ததற்கும் அளந்ததற்கும் வித்தியாசம் 4 அங்குலத்துக்குள். அந்த வேலையில் எனக்குப் பெரிதாகப் படுவது நீண்ட கோடோ நுட்பக் கருவியோ அல்ல. விடை தெரிந்த பிறகும் இன்னொரு முனையில் மறுபடி அளந்தார்களே, அதுதான்.

லாம்டனுடைய தியோடலைட் என்ற பெரிய கோணமானி அரை டன் எடை, கிடைவட்டம் 36 அங்குலம். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி வட்டம் கோணிவிட்டது. ஆறு வாரம் உட்கார்ந்து அவரே நிமிர்த்தினார். அதே கோயிலின் கல்வெட்டுகளில்தான் ராஜராஜன் கொடுத்த ஊர்களின் நிலக்கணக்கு இருக்கிறது: வேலி, மா, காணி, முந்திரி, அதற்கும் கீழே கீழ்முந்திரி. முந்திரி என்பது ஒரு வேலியில் 320-இல் ஒரு பங்கு. அதை மறுபடி 320-ஆல் வகுத்தால் கீழ்முந்திரி. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் வரி. நீ இன்று புறம்போக்கைத் தனி எண்ணில் பார்க்கிறாயே, அதன் பாட்டன் இது.

சரி, உன் வயலுக்கு வருகிறேன். எஃப்.எம்.பி.யில் ஜி லைன் என்பது கல்லுக்குக் கல் குறுக்கே ஓடி நிலத்தை முக்கோணங்களாக வெட்டும் கோடு. அதிலிருந்து இருபக்கமும் வரப்பு வளைவுகளுக்குச் செங்கோணமாக எடுத்த குறுக்களவான ஆஃப்செட்தான் ஏணிபோல் எழுதியிருக்கும். ஆஃப்செட் நீளமாக இருந்தால் கவனி. செங்கோணத்தைக் கிராஸ் ஸ்டாஃப் என்ற குறிக்கம்பு வைத்தோ கண்ணாலோ பார்த்திருப்பார்கள். 20 மீட்டர் ஆஃப்செட்டில் இரண்டு பாகை கோணினால் முனை 70 செ.மீ. விலகும். ஐந்து மீட்டரில் அதே தப்பு 17 செ.மீ.தான். அதனால் நீளமான ஆஃப்செட்டில் பிடிபட்ட வரப்பு வளைவை, கல்லுக்குக் கல் உள்ள கோட்டுக்குச் சமமாக நம்பாதே.

ஒரு கல்லை மட்டும் பார்த்து எந்த முடிவும் சொல்லாதே. பக்கத்துப் புல எண்களின் படங்களையும் எடு. பொதுக்கோட்டின் அளவு இரண்டு படத்திலும் ஒன்றா என்று பார். பிறகு அசையாமல் நிற்கும் கற்கள் குறைந்தது மூன்று தேடிப் பிடித்து, அவற்றுக்குள் எல்லாத் தூரமும் அள. எல்லாம் ஒரே விகிதத்தில் கூடவோ குறையவோ இருந்தால் அது சங்கிலியின் குணம். அந்த விகிதத்திலேயே காணாமல் போன கல்லின் இடத்தையும் கணக்கிடு. ஒரு கல்லுக்குப் போகும் தூரங்கள் மட்டும் முரண்பட்டால் அந்தக் கல் நகர்ந்திருக்கிறது. தோண்டிப் பார், பழைய கல்லின் அடிமண் இறுகியிருக்கும், புதிதாக நட்டதன் மண் கலங்கியிருக்கும். காணாமல் போன கல்லுக்கு இரண்டு கல்லிலிருந்து தூரம் வெட்டி இடம் குறி, மூன்றாவதிலிருந்து சரிபார். மூன்றாவது ஒத்துவராமல் கல் நடாதே, யார் அவசரப்படுத்தினாலும். அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு அறிவிப்புக் கொடுக்காமலும் நடாதே. 1923-ஆம் வருடத்துச் சர்வே மற்றும் எல்லைகள் சட்டப்படி கல்லைப் பராமரிப்பது நிலத்துக்காரர் பொறுப்பு. அதை அவர்களிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டு வா.

உன் கருவிக்கும் நாலு வார்த்தை. ஒளியைத் திருப்பி அனுப்பும் பிரிசத்துக்கான திருத்தம், அதாவது பிரிசம் மாறிலி, மைனஸ் 30 மி.மீ. என்று இருக்க வேண்டியது பூஜ்யமாக இருந்தால் ஒவ்வொரு அளவிலும் 3 செ.மீ. தப்பு ஒட்டிக்கொண்டே வரும். கிளம்பும் முன் டேப்பால் அளந்த 20 மீட்டரில் அடித்துப் பார். பிரிசம் கம்பு இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு பாகை சாய்ந்தால் மூன்றரை செ.மீ.; செயின்மேன் அண்ணனிடம் குமிழியைப் பார்க்கச் சொல். ஈர வரப்பில் முக்காலி மெல்ல இறங்கும். அரை மணிக்கு ஒரு முறை, முதலில் குறிவைத்த பின்னோக்குப் புள்ளியை மறுபடி பிடி. கையில் கொண்டுபோகும் ஜி.பி.எஸ். கருவியான ரோவரைத் தென்னந்தோப்புக்குள் நம்பாதே, ஃபிக்ஸ் வந்ததாக, அதாவது இடம் துல்லியமாகப் பிடிபட்டதாகக் காட்டினாலும் பத்து நிமிடம் விட்டு மறுபடி எடுத்துப் பார்.

உன் 64.05-ஐக் களப் புத்தகத்தில் அப்படியே எழுது, 64.2 என்று திருத்தாதே. பக்கத்தில் படத்தின் அளவையும் எழுது. கல் இரண்டும் அசையாமல் இருந்தால் கோட்டைத் தொட வேண்டாம். அடுத்த பக்கத்து இரண்டு கோடுகளையும் அளந்து எனக்கு அனுப்பு.

தொப்பி போட்டுக்கொண்டு போ. வெயில் ஏறும் முன் வேலையை முடி.

அன்புடன்,
அம்மா