பெட்போர்ட் லொறி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு கிழமைக்கு முன் உங்கள் வாசகர் பகுதியில் ஒரு தாயார் எழுதியிருந்தார். கிளிநொச்சியில் ஒரு கடையில் பச்சை நிற ஆமி லொறிகள் விளையாட்டுச் சாமானாகத் தொங்குகின்றன, நாங்கள் பட்டது போதாதென்று பிள்ளைகளின் கையிலும் இதைக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தார். எங்கள் வீட்டில் அந்தக் கடிதத்தை மருமகள்தான் சத்தமாக வாசித்தாள். வாசித்து முடித்தவள் என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தாள். அங்கே கபின் கழற்றிய நிலையில் ஓர் ஆறு சக்கர ஆமி லொறி கிடந்தது. அது என்னுடையது. எனக்கு வயது 63.

அந்தத் தாயாரோடு சண்டை பிடிக்க நான் எழுதவில்லை. மகன் கனடாவிலிருந்து பெட்டியை அனுப்பியபோது எனக்கும் அதே நடுக்கம்தான். அப்பா சும்மா இருக்கிறார், ஏதாவது பூட்டிக் கழற்றட்டும் என்று நினைத்து அனுப்பியிருக்கிறான். பெட்டியின் மேலிருந்த படத்தைக் கண்டதும் அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டேன். மூன்று மாதம் அங்கேயே கிடந்தது. அந்தப் பச்சையும் படங்கு மூடிய பின்பெட்டியும் எந்தச் சத்தத்தைக் காதுக்குள் கொண்டுவரும் என்று வன்னி ஆட்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பிறகு ஒரு மழை நாள். கரண்ட் இல்லை. பேத்தி கதிரையில் ஏறிப் பெட்டியை இறக்கிவிட்டாள். துண்டு துண்டாகப் பூட்டி, பற்றரியில் ஓட்ட வேண்டிய சாமான். "அப்பப்பா, இது என்ன?" என்று அவள் தூக்கிக் காட்டிய முதல் துண்டு, லொறியின் பாரம் தாங்கும் வில்லுத்தகடு. விளையாட்டுச் சாமானில் வில்லுத்தகடு! தகடு தகடாக அடுக்கி, நடுவில் கிளிப் போட்டு, பெருவிரல் நீளத்தில் அசல் லொறிக்கு இருப்பது போலவே. அடுத்து அக்சில், அப்புறம் சின்ன சாஃப்ட். பரந்தனில் 35 வருடம் லொறிக்குக் கீழே படுத்துக் கிடந்தவன் நான். இதற்குப் பிறகு பெட்டியை மூடி வைக்க என்னால் முடியவில்லை.

வண்டி, ரஷ்யாவின் யூரல். மியாஸ் என்ற ஊரில் செய்வது. 1961 இல் வந்த 375 என்ற ரகம் பெற்றோலில் ஓடியது, எண்ணெய் குடிப்பதில் பேர்போனது. 1977 இலிருந்து வந்த 4320 என்ற ரகம் டீசலில் ஓடுவது. எனக்கு வந்தது பதினாறில் ஒரு பங்கு அளவு. பூட்டி முடித்ததும் கராஜில் என்னோடு வேலை செய்த ஒருவர் வந்து பார்த்தார். "என்ன அண்ணை, பின்னுக்கு இரட்டை ரயர் போடேல்லையோ?" என்று கேட்டார். எங்கள் நெல்லு லொறி, மணல் லொறி எல்லாவற்றுக்கும் பின்னால் இரட்டைதானே. யூரலுக்கு ஆறும் ஒற்றை. காரணம் சேறு. முன் சக்கரம் அமுக்கிப் போட்ட தடத்திலேயே பின் இரண்டும் வரும். இரட்டை போட்டால் வெளி ரயர் ஒவ்வொரு தரமும் புதுச் சேற்றை வெட்ட வேண்டும், இரண்டுக்கும் நடுவில் களி அடைக்கும். மார்கழியில் வயல் பாதையில் லொறி புதைந்து, உழவு மெசின் கட்டி இழுத்தவர்களுக்கு இது உடனே விளங்கும். சேற்றில் ரயரின் காற்றைக் குறைக்கவும், தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏற்றவும் சாரதி இறங்கத் தேவையில்லை, இருந்த இடத்திலிருந்தே செய்யலாம். அதற்கான சக்கரக் குழாய்களைப் பழைய டெலிபோன் வயரின் தோலை உரித்துச் செய்தேன். ஆறு சக்கரத்துக்கு இரண்டு இரவு.

இப்போது என் முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். பெட்டியில் வந்த பச்சை, பிளாஸ்ரிக் வாளிப் பச்சை. மினுமினு என்று இருந்தது. கார்களுக்கு அடிக்கிற பெயின்றைத் தின்னரில் கரைத்து, கொம்பிரசர் கன்னால் ஒரே அடி. பத்து நிமிடத்தில் பொனற்றின் தோல் சுருங்கிப் பாலாடை போல எழும்பிவிட்டது. இரும்புக்குப் பழகிய கை, பிளாஸ்ரிக்கைத் தின்னர் தின்னும் என்பதை மறந்துவிட்டது. பட்டி வைத்து, தண்ணீர் அரத்தாள் பிடித்து அதைத் திருப்பி எடுக்க ஒரு கிழமை போனது. இரண்டாம் தரம் எனமல், தூரிகையால், மெல்லிசாக மூன்று தரம். மினுக்கம் போகக் கொஞ்சம் முகப்பவுடர் கலந்தேன். பச்சைக்குள் வெள்ளையும் மஞ்சளும் சற்றுக் கூட்டினேன். அசல் வண்டியின் நிறத்தை அப்படியே சின்ன வண்டிக்கு அடித்தால் கறுத்துத் தெரியும். வீட்டுக்குப் பெயின்ற் எடுக்கும்போது கடை அட்டையில் பார்த்த நிறம் சுவரில் வேறு மாதிரி வருகிறதல்லவா, அந்தக் கதைதான் இதுவும்.

படங்கு பிளாஸ்ரிக்கில் வந்தது. அதைத் தூக்கி எறிந்தேன். என் பழைய கதர்ச் சட்டையை வெட்டி, தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து, பசைத் தண்ணீரில் தோய்த்துக் கம்பிக் கூட்டின் மேல் போட்டுக் காயவிட்டேன். கயிறுக்குச் சாக்குத் தைக்கிற நூல். அசலில் 16 மில்லிமீற்றர் கயிறு என்றால் இங்கே 1 மில்லிமீற்றர், கணக்கு அவ்வளவு சுலபம். எண்ணெய்க் கான் 47 சென்ரிமீற்றர் உயரம், இங்கே 3 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. மரத்தில் செதுக்கினேன். பேத்தி படங்கில் ஒரு ஒட்டுப் போட்டுத் தைத்தாள். தையல் பெரிதாகப் போய்விட்டது, அளவுப்படி பார்த்தால் அது கையளவு தையல். அவிழ்க்கச் சொல்ல மனம் வரவில்லை.

நான் பெருமைப்படுகிற வேலை ஊத்தையும் துருவும்தான். மற்றவர்கள் துரு என்றால் மண்ணிறத்தை எடுத்து எல்லா இடமும் தடவுவார்கள். துரு அப்படி வராது. தண்ணீர் எங்கே நிற்குமோ அங்கே தொடங்கும்: கதவின் அடி மடிப்பு, கபின் கூரையின் பீலி, மட்காட்டின் உட்பக்கம். சைலன்சர் எல்லாவற்றுக்கும் முதல். முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் நின்ற வண்டி என்றால் தகடு ஏடு ஏடாக உரியும், கிளிநொச்சி வண்டி அப்படி உரியாது. பெயின்ற் போவதும் அப்படித்தான். சாரதியின் சப்பாத்து உரசும் படி, கைபிடியைச் சுற்றிய இடம், பின்கதவில் சாமான் இழுபடும் விளிம்பு, அவ்வளவுதான். பாத்திரம் தேய்க்கும் ஸ்பொஞ்சில் ஒரு துண்டு கிழித்துக் கடும் மண்ணிறத்தில் தொட்டு, முக்கால்வாசியைக் கடுதாசியில் துடைத்துவிட்டு ஒற்றினால் அசல் கீறல் வரும். டீசல் மூடியின் கீழே எண்ணெய் வழிந்து தூசி பிடித்த கறை ஒன்று வைத்தேன். மருமகள் அதைத் துணியால் துடைத்துவிட்டாள். திரும்ப வைத்தேன்.

தூசிக்கு வட்டக்கச்சி வாய்க்கால் ரோட்டுக் கிரவலை அள்ளி வந்தேன். ஆனால் மண்ணை யாரும் பதினாறில் ஒன்றாகக் குறைத்துத் தரமாட்டார்கள். அப்படியே போட்டால் ஒவ்வொரு மணலும் கல்லுப் போலத் தெரியும். பழைய வேட்டித் துணியில் மூன்று தரம் அரித்து, கடைசியில் நின்ற மாவை மட்டும் எடுத்தேன். கடைகளில் இதற்கென்று விற்கிற தூளை மகன் வீடியோவில் காட்டினான். எங்கள் செம்மண்ணுக்குக் கிட்ட நிற்காது.

ஓட்டம் சரிவர இன்னும் கொஞ்சம் நாள் எடுத்தது. முதல் ஓட்டத்தில் கோழிக்குஞ்சு போலத் துள்ளியது. பாரம் இல்லாத வண்டி லொறி போல அசையாது. ரயர்க் கடையில் கழித்துப் போடுகிற ஈயக்கட்டிகளை வாங்கி, முன் சக்கரங்களுக்குள்ளும் சேசிஸின் அடியிலும் ஒட்டினேன். மேலே வைத்தால் வரம்பில் பிரளும். ரயருக்குள் செருப்பு ஸ்பொஞ்ச். பிளாஸ்ரிக் கியர் இரண்டு உடைந்த பிறகு இரும்புக் கியர் எடுப்பித்தேன். இப்போது ஆடி அசைந்து, கனத்தோடு போகிறது. இரண்டு பின் அக்சிலிலும், இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிபரன்ஷல் இல்லாமல் இறுக்கிய அமைப்பு, அதனால் திரும்பப் பெரிய வட்டம் வேண்டும். முற்றத்துப் பூச்சாடிகளுக்கு அது தெரியும்.

பற்றரிதான் சுவாரசியமான கதை. மகனால் அனுப்ப முடியவில்லை. லித்தியம் பற்றரியைத் தனியாகப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 இலிருந்து தடை. தொலைபேசியில் அவன் "பற்றரிக்குத் தடை அப்பா" என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொண்ணூறுகளில் அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையால் ரோர்ச் பற்றரி ஒன்று வன்னிக்குள் வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அந்த ஆளிடம் போய்த் தடையா! பழைய லப்ரொப் பற்றரிக்குள் இருந்த செல் இரண்டைச் சோதித்து எடுத்து, பாதுகாப்புச் சேர்க்கிற் ஒன்றோடு கட்டினேன். முழுச் சார்ஜில் 8.4 வோல்ட். முன் விளக்குக்கு 3 வோல்ட் எல்.ஈ.டி., நடுவில் கரண்டைக் குறைக்க 270 ஓம் ரெசிஸ்ரர். ஒன்றை மட்டும் இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். இந்தப் பற்றரியைத் தகரக் கொட்டிலுக்குள் வெயிலில் வைக்காதீர்கள், சார்ஜில் போட்டுவிட்டு நித்திரைக்குப் போகாதீர்கள்.

இனி அந்தத் தாயாரின் கேள்வி. நான் பச்சையை மறைக்கவில்லை. ஆமி வண்டியை ஆமி வண்டியாகவே செய்தேன். கொடி, சின்னம், இலக்கம் எதுவும் வைக்கவில்லை, ஆள் பொம்மையும் இல்லை. பேத்திக்கு எட்டு வயது, அவள் 2009 ஐக் காணாதவள். முதல் நாளே பின்பெட்டியில் தீப்பெட்டிகளை அடுக்கி "நெல்லு" என்றாள். அவளுக்கு நான் போட்ட சட்டம் ஒன்றுதான்: லொறி பற்றைக்குள் போனால் பின்னால் ஓடக்கூடாது, என்னைக் கூப்பிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் மிதிவெடிப் படங்களைக் காட்டியிருக்கிறார்கள், அதனால் ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவள் கேட்டது வேறு.

"அப்பப்பா, எங்கட லொறி எப்படி இருந்தது?"

எங்களிடம் ஒரு பெட்போர்ட் இருந்தது. மூக்கு நீண்ட ஜே ரகம், சிவப்புக் கபின், பலகைப் பெட்டி. அதில்தான் 2008 கடைசியில் பதினொரு குடும்பத்துச் சாமானை ஏற்றிக்கொண்டு தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம் என்று ஒவ்வோர் இடமாக இறக்கி ஏற்றிப் போனோம். கதவு, யன்னல், கூரைத் தகரம், தையல் மெசின், ஒரு கன்றுக்குட்டி. மாத்தளனுக்குக் கிட்ட டீசல் முடிந்தது. திறப்பைக் கழற்றிக்கொண்டு நடந்தோம். மீளக் குடியமர்ந்த பிறகு, துருப்பிடித்த வாகனங்களைக் குவித்து வைத்திருந்த இடங்களில் போய்த் தேடினேன். கிடைக்கவில்லை. படமும் இல்லை. திறப்பு மட்டும் இருக்கிறது.

கடைகளில் ஆமி லொறி தொங்குகிறது என்று அந்தத் தாயார் வருத்தப்படுகிறார். எனக்கும் வருத்தம்தான். எங்கள் பெட்போர்ட்டை எந்தக் கடையிலும் தொங்கவிட மாட்டார்கள். அதை நான்தான் செய்ய வேண்டும். பிளாஸ்ரிக்கில் கை பழகியதும், எனமல் பழகியதும், மண்ணை அரிக்கப் பழகியதும் இந்த யூரலில்தான். இதே சேசிஸ், ஒரு பின் அக்சிலைக் கழற்றிவிட்டு இரட்டை ரயர் போட்டால் காணும். கபினுக்குத் தகரம் வெட்டித் தயாராக வைத்திருக்கிறேன்.

குறை, அளவுகள். வருடக்கணக்காக ஓட்டினவன், திருத்தினவன், ஆனால் பொனற்றின் அகலத்தைக் கேட்டால் கையை விரித்துக் காட்டத்தான் தெரிகிறது. ஆகவே கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியா, மன்னார்ப் பக்கத்தில் யாரிடமாவது மூக்கு நீண்ட பெட்போர்ட் இருந்தால் தயவுசெய்து இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். ஓட வேண்டுமென்றில்லை. கோழிக்கூடாகக் கிடந்தாலும் பரவாயில்லை. பேத்தியையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவோம். பொனற், முன் மட்காட், கிறில், கதவு, இவ்வளவையும் அளக்க அரை மணித்தியாலம் போதும். கதவு ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லொறி மெக்கானிக்,
வட்டக்கச்சி.