உங்கள் நெட்வொர்க் சுவிட்ச்சில் இருக்கும் 'பப்ளிக்' என்ற வார்த்தையை எடுக்க வருகிறோம்

வணக்கம், மஞ்சக்குப்பம் கடையிலிருந்து எழுதுகிறோம்.

போன மாதம் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு லாட்ஜுக்கு வேறு வேலையாகப் போயிருந்தோம். ரிசப்ஷனில் காத்திருந்த நேரத்தில் எங்கள் பையன் லேப்டாப்பை விருந்தினர் வைஃபையில் இணைத்து, 'பப்ளிக்' என்று ஒரே வார்த்தை கொடுத்துக் கேட்டதும், கம்ப்யூட்டர், கேமரா எல்லாவற்றையும் இணைக்கிற சுவிட்ச் உள்ளதையெல்லாம் ஒப்பித்துவிட்டது: 7-ஆம் போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) கேமரா ரெக்கார்டர், 12-இல் பில்லிங் கம்ப்யூட்டர். உங்களுடையதைப் போலவே அந்த சுவிட்ச்சையும் மாட்டியது நாங்கள்தான். அதனால்தான் இந்த மடல்.

எஸ்.என்.எம்.பி. என்பது சுவிட்ச், ரூட்டர், பிரிண்டர், யூ.பி.எஸ். எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே நலம் விசாரிக்கிற முறை. யூ.டி.பி. 161 என்ற நெட்வொர்க் வாசல் எண்ணில் நாங்கள் கேட்போம், அது பதில் சொல்லும். லிங்க் போனால் அதுவாகவே எங்கள் 162-ஆம் வாசலுக்கு டிராப் என்ற எச்சரிக்கைச் செய்தி அனுப்பும், நீங்கள் கூப்பிடும் முன்பே நாங்கள் போன் செய்வது இப்படித்தான். தொல்லை என்னவென்றால், இந்த முறையின் பழைய பதிப்புகளான வி1, வி2சி இரண்டிலும் பாஸ்வேர்டு மாதிரி இருக்கிற கம்யூனிட்டி ஸ்ட்ரிங் மறைக்கப்படாமல் அப்படியே கம்பியில் போகிறது, பல பெட்டிகளில் படிக்க 'பப்ளிக்', மாற்ற 'பிரைவேட்' என்றே வைத்து வருகிறது. இரண்டாவது திறந்திருந்தால் யாரோ ஒருவர் உங்கள் போர்ட்டையே மூடிவிடலாம்.

இனி அதற்கு அடுத்த பதிப்பான வி3 மட்டும்தான். கேட்பவர் யார் என்று சரிபார்க்க ஷா, செய்தியை மறைக்க ஏ.இ.எஸ். இரண்டும் போட்டு, படிக்கும் உரிமை மட்டும் கொடுத்து, எங்கள் கண்காணிப்பு கம்ப்யூட்டரின் ஐ.பி.க்கு மட்டும் பதில் சொல்லும்படி வைத்துவிட்டு, வி2சி-யை அணைத்துவிடுவோம். வி3 இல்லாத பழைய சுவிட்ச் என்றால் ஸ்ட்ரிங்கை மாற்றி, விருந்தினர் வைஃபை பக்கமிருந்து எட்டாதபடி தடுத்துவைப்போம், அவ்வளவுதான் முடியும். இன்டர்நெட் நிற்காது. மறக்காமல் ஸேவ் செய்துவிட்டுத்தான் கிளம்புவோம், இல்லாவிட்டால் அடுத்த கரண்ட் கட்டில் பழைய செட்டிங் திரும்பிவிடும்.

அப்புறம், ஜெராக்ஸ் மெஷின் வாடகைக்கு எடுத்திருந்தால் முன்பே சொல்லுங்கள். அந்த ஆட்கள் பக்கக் கணக்கை இதே 'பப்ளிக்' வழியாக எடுப்பதுண்டு. சொல்லாமல் மாற்றினால் மாதக் கடைசியில் சண்டை வரும்.

இன்னொன்று: சுவிட்ச் எத்தனை நாளாக ஓடுகிறது என்று காட்டும் கணக்கு 497 நாளில் பூஜ்ஜியத்துக்குத் திரும்பிவிடும், பதற வேண்டாம். நம்ம ஊர் கரண்ட்டில் ஒரு சுவிட்ச் அவ்வளவு நாள் விடாமல் ஓடினால் யூ.பி.எஸ்.ஸுக்கு மாலை போடலாம்.

காசு கிடையாது, இது நாங்கள் விட்ட வேலை. எந்த நாள் தோது என்று வாட்ஸ்அப்பில் போடுங்கள். வி3-க்கு இரண்டு பாஸ்வேர்டு, கவரில் போட்டுத் தருவோம். கல்லாவில் வையுங்கள், தயவுசெய்து சுவிட்ச் மேலேயே ஒட்டிவைக்காதீர்கள்.