கதிரைச் சத்தத்தில் கேட்காமல் போன நன்றி

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் கூட்டங்களில் நன்றியுரை என்பது எழும்புவதற்கான மணி. "இறுதியாக நன்றியுரை" என்று அறிவித்தவுடன் கதிரைகள் இழுபடும், பைகள் தோளில் ஏறும், ரோல்ஸ் தட்டு எந்தப் பக்கம் என்று கண்கள் தேடும். போன வியாழன் எங்கள் வாசிப்பு வட்டத்தின் பத்தாவது கூட்டத்தில் நான் நன்றி சொல்ல எழுந்தபோதும் அதுதான் நடந்தது. குறை சொல்லவில்லை. நானும் வருடக்கணக்காக அந்த நேரம் பார்த்து எழும்பிப் போகிறவள்தான். ஆனால் அன்று நான் சொன்னதில் பாதி கதிரைச் சத்தத்தோடு போய்விட்டது. அதனால் எழுதிவிடுகிறேன். பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். இதில் வருகிற ஆட்களில் அனேகமானோர் பொதுவில் பெயர் வருவதை விரும்பாதவர்கள். தங்களைத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

வராதவர்களுக்காக ஒரு வார்த்தை. கம்பஸில் ஒரு மேல்மாடி விரிவுரை அறை. மாதத்தின் மூன்றாவது வியாழன் பின்னேரம் நாலு மணி. ஓர் எழுத்தாளர் வந்து தன் எழுத்தைத் தானே அரை மணித்தியாலம் வாசிப்பார், இல்லாவிட்டால் ஒருவர் இலக்கியம் பற்றிப் பேசுவார். பிறகு கேள்விகள். மங்கல விளக்கு, ஆசியுரை, வாழ்த்துரை, முதற்பிரதி வாங்கும் புரவலர், பொன்னாடை எதுவும் கிடையாது.

பொன்னாடை இல்லை என்றதும் ஒரு மூத்த எழுத்தாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்று அவர் வாசித்த கதையைக் கேட்டுவிட்டு இரண்டாம் வருட மாணவி ஒருத்தி எழும்பி, "ஐயா, கதையில நாய்க்குப் பெயர் இருக்கு. அம்மாவுக்கு இல்லையே, ஏன்?" என்று கேட்டாள். அறை அமைதியானது. அவர் முதலில் ஒரு விளக்கம் சொன்னார், அவள் ஏற்கவில்லை. இன்னொரு விளக்கம் சொன்னார், பின்வரிசை ஏற்கவில்லை. ஆறேகால் வரை இழுபட்டது. படி இறங்கும்போது என்னிடம், "பிள்ளை, வீட்டிலை நாப்பது பொன்னாடை கிடக்கு. என்ரை கதைக்காக ஆரும் என்னோடை சண்டை பிடிச்சது இண்டைக்குத்தான்" என்றார். சண்டை பிடித்தவளுக்கு நன்றி. அடுத்த பதிப்பில் அம்மாவுக்குப் பெயர் வைக்கப்போவதாக அவர் சொல்லியனுப்பியிருக்கிறார். வைத்தால் கதை கெட்டுவிடும் என்று அவளே இப்போது சொல்கிறாள். அதை நீங்கள் இருவரும் பேசி முடியுங்கள்.

முதற்கூட்டத்துக்கு ஒன்பது பேர். அதில் நாலு பேர் ஒழுங்கு செய்த நாங்களே. இன்னொருவர் புள்ளிவிபரவியல் வகுப்பு என்று நினைத்து அறை மாறி வந்த தம்பி. எழும்பிப் போக வெட்கப்பட்டு இருந்துவிட்டார். அந்த அறையில் ஆறு விசிறிகள். எல்லாம் சேர்ந்து சுற்றினால் வாசிக்கிறவரின் குரல் முதல் வரிசையைத் தாண்டாது. நிறுத்தினாலோ, கொழும்பு வெக்கையில் இரண்டு நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டும். கவிதையா காற்றா என்று நாங்கள் முழித்துக்கொண்டிருக்க, அறை மாறி வந்த தம்பி எழும்பிப் போய் சுவிட்ச் பக்கத்தில் நின்றார். கவிதை தொடங்க நிறுத்தினார், முடியப் போட்டார். கவிஞர் மூச்சு விடுகிற நீளத்தை வைத்தே கவிதை முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்று கணித்தார். ஒரேயொரு தடவை பிழைத்தது. முடிந்துவிட்டதென்று விசிறியைப் போட, கடைசி வரி காற்றோடு போனது. கவிஞர் சிரித்துவிட்டு, "விடுங்க, அங்கயே முடியட்டும். இதுதான் நல்லாயிருக்கு" என்றார். அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் தம்பி சுவிட்ச் அடியை விட்டு நகரவில்லை. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. புள்ளிவிபரவியலில் சித்தியடைந்ததாகவும் கேள்விப்பட்டேன், சந்தோசம்.

மலையகத்து ஹற்றனிலிருந்து வந்த அக்காவைப் பற்றிக் கொஞ்சம் கூட எழுதவேண்டும். காலைப் பஸ்ஸில் ஏறி, மத்தியானம் புறக்கோட்டையில் இறங்கி, 138 பஸ் பிடித்து தும்முல்லைச் சந்தியிலிருந்து வெயிலில் நடந்து வந்தார். போக்குவரத்துக் காசு என்று நாங்கள் கொடுத்த கடித உறையைப் பிரிக்காமலே திருப்பித் தந்துவிட்டார். அவருடைய கதை, "பெரட்டு முடியிறதுக்குள்ள" என்றுதான் தொடங்கியது. இரண்டாவது பக்கத்தில், வெள்ளவத்தையிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தி, "பெரட்டு என்றால் என்ன, அக்கா?" என்றது. எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதே சந்தேகம். கேட்கிற துணிவு அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் இருந்தது.

அக்கா தாளைக் கீழே வைத்தார். "விடியக்காலயில தப்பு அடிச்சு எழுப்புவாங்க. ஆளுகள வரிசையா நிறுத்தி, பேரு பதிஞ்சு, இன்னைக்கு யாரு எந்த மலைக்குன்னு பிரிச்சு விடுவாங்க. வெள்ளக்காரன் பரேட்னு சொன்னான், எங்க வாயில அது பெரட்டு ஆயிருச்சு. நாங்க குடியிருக்கிற வரிசை வீடு, லயன், லயமான மாதிரிதான். சங்கீதத்துல வர்ற லயம்னு நெனச்சிராதீங்க" என்றார். சிரித்தோம். பிறகு தேயிலைக் கொழுந்து எடுப்பது எப்படியென்று காட்டினார். பெருவிரலும் சுட்டுவிரலும் இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் கிள்ளுகின்றன. பிடி நிறைந்ததும் கை தலைக்கு மேலால் முதுகுப்புறம் போய், இல்லாத கூடையில் கொட்டிவிட்டுத் திரும்பி வருகிறது. பேச்சு ஒரு சொல்லும் பிசகவில்லை, கை தன்பாட்டில் போய் வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூட லீவில் அம்மாவோடு மலைக்குப் போய்ப் பழகிய கை என்றார். மலையகத் தமிழர் தோட்டங்களுக்கு வந்து இருநூறு வருடம் என்பதால் 2023இல் மலையகம் 200 என்று கொழும்பு முழுக்கக் கூட்டம் வைத்தோம். நானும் இரண்டில் மேடையில் இருந்தேன். பெரட்டு என்ற சொல் தெரியாமலேயே இருந்திருக்கிறேன். கேள்வி கேட்ட பிள்ளைக்கும் பதில் சொன்ன அக்காவுக்கும் இந்த மடலில் எவ்வளவு இடம் தந்தாலும் போதாது.

அன்று அதே வரிசையில் எங்கள் சிங்களத் தோழியும் இருந்தாள். தமிழை இரண்டாம் மொழியாகப் படித்தவள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் வாசிக்கப்போகிற பகுதியை முன்கூட்டியே வாங்கி, ஒரு பக்கத்தில் சிங்களத்தில் எழுதி, பிரதியெடுத்துத் தன் கூட்டாளிகளுக்குக் கொடுப்பாள். ஒரு கதை முழுக்க "போயிட்டு வாறன்" என்ற ஒரு சொல்லில் தொங்கியது. போனவன் வரவில்லை, அதுதான் கதை. இதை எப்படி மொழிபெயர்க்கப் போகிறாய் என்று நான் கவலைப்பட்டேன். "இங்கிலீசில்தான் கஷ்டம். எங்களிடமும் அதே சொல் இருக்கே, கிஹில்லா என்னங்" என்றாள். போய்விட்டு வருகிறேன். அட, இத்தனை வருடம் பஸ்ஸிலும் கடையிலும் அதைக் கேட்டுக்கொண்டுதானே இருந்திருக்கிறேன். அவளுக்கும், பிரதி எடுக்கிற கடையில் ஒவ்வொரு மாதமும் எங்கள் கணக்கில் நாலைந்து தாளை மறந்துவிட்ட அக்காவுக்கும் நன்றி.

சுவாமி விபுலாநந்த அடிகளார் பற்றிப் பேச வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல் வந்தார். பாடப்புத்தகத்தில் ஒரு பாட்டை மனனம் செய்ததோடு அடிகளாரை விட்டுவிட்டவர்கள் நாங்கள். காரைதீவில் பிறந்தவர், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாவது தமிழ்ப் பேராசிரியர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதலாவது தமிழ்ப் பேராசிரியர், அதுவும் பேராதனைக்குப் போவதற்கு முன்னைய கொழும்புக் காலம் என்று சொல்லிக்கொண்டே வந்த டீச்சர், அவர் விஞ்ஞானப் பட்டதாரி என்பதையும் சொன்னார். பழந்தமிழ் இசை பற்றி எழுதிய யாழ் நூலில் சுரங்களுக்கிடையிலான அளவுகளைக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார் என்றதும், சுவிட்ச் அடியிலிருந்து முதன்முறையாகக் கேள்வி வந்தது. "என்ன கணக்கு, டீச்சர்?" டீச்சர் கரும்பலகைக்குப் போய்விட்டார். அதன்பிறகு நடந்தது எனக்கு விளங்கவில்லை, அவர்கள் இரண்டு பேருக்கும் விளங்கியது. அந்த நூல் 1947 ஜூனில் அரங்கேறியது, அடுத்த மாதம் 19ஆம் திகதி அடிகளார் மறைந்தார் என்று சொல்லி முடித்தபோது டீச்சரின் சேலை முழுக்கச் சோக்குத் தூள்.

சிற்றிதழ்கள் பற்றிய கூட்டத்துக்கு வந்தவர் எழுத்தாளர் அல்ல. ஒரு காலத்தில் அச்சகங்களில் எழுத்துக் கோத்தவர். யாழ்ப்பாணத்தில் 1946இல் மறுமலர்ச்சி, 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகை, 1975இல் அலை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, பழுப்பேறிய இதழ் ஒன்றை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தார். அப்படியே கடகடவென்று வாசித்தார், ஒரு இடமும் தட்டவில்லை. ஈய எழுத்தைத் தலைகீழாக வைத்துத்தான் கோப்பார்களாம். கண் அப்படியே பழகிவிட்டதாம். 'லை', 'னை' எல்லாம் துதிக்கை வைத்த பழைய எழுத்தில் இருந்ததைப் பார்த்து முதல் வருடப் பிள்ளைகள் இது எந்த மொழி என்று கேட்டார்கள். ஐயாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது, எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. அன்றிரவே சில பிள்ளைகள் நூலகம் வலைத்தளத்தில் பழைய இதழ்களைத் தேடி இறக்கியதாகப் பிறகு அறிந்தேன். 2005 முதல் இந்தப் பக்கங்களைப் பொறுமையாகப் பதிவேற்றி வருகிறவர்களுக்கு, எங்களை அறியாமலே உதவியவர்கள் என்ற வகையில், ஒரு நன்றி.

இனி என் பிழை. ஆறாவது கூட்டத்துக்கு அறை கேட்டு விண்ணப்பம் எழுதியது நான். திகதியை ஒரு கிழமை பிந்திப் போட்டிருக்கிறேன். மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலில் வந்த கவிஞர் வாசலில் நிற்கிறார், கதவு பூட்டு, வெளியில் மழை. செக்கியூரிட்டி மாமாவிடம் ஓடினேன். கடதாசி இல்லாமல் திறப்புத் தர அவருக்கு அதிகாரம் இல்லை. அவர் செய்ததெல்லாம், படிக்கட்டு லைட்டைப் போட்டு, தன் வாங்கைத் தூக்கி வந்து இடைத்தளத்தில் வைத்ததுதான். கவிஞர் அதில் இருந்தார், நாங்கள் மேலும் கீழும் படிகளில் இருந்தோம். அந்தச் சுவர்களுக்கு என்ன வித்தையோ, குரல் உருண்டு உருண்டு மேலே போனது. மைக்கும் வேண்டியிருக்கவில்லை, விசிறியும் வேண்டியிருக்கவில்லை. மாமாவின் டியூட்டி ஆறு மணிக்கு முடிந்தது. ஆறேமுக்கால் வரை தூணில் சாய்ந்து நின்றார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவர், கடைசியில் என்னிடம் சிங்களத்தில் "கவி நேத?", கவிதை இல்லையா, என்று கேட்டார். கவிதான் மாமா. அந்தப் பின்னேரத்தை ஒழுங்கு செய்தவர் நீங்கள். என் பெயரில் பாராட்டு வந்தது.

கன்டீன் நானா ரமழான் மாதக் கூட்டத்தன்று செய்ததையும் சொல்லவேண்டும். அக்கரைப்பற்றிலிருந்து வந்த கவிஞர் நோன்போடு வாசித்தார். நேரத்தைப் பார்த்து முடிக்கவேண்டும் என்று நாங்கள் பதறிக்கொண்டிருக்க, பாங்கு சொல்ல ஐந்து நிமிடம் இருக்கையில் நானா வாளி நிறையக் கஞ்சியும் ஒரு பெட்டி பேரீச்சம்பழமும் கொண்டுவந்து கதவடியில் வைத்தார். "விருந்தாளிக்கு மட்டுமில்ல மகள், எல்லாரும் குடிங்க." காசு என்று வாயெடுத்தேன், முறைத்தார். எங்கள் கூட்டங்களிலேயே கேள்வி நேரம் சத்தமில்லாமல் நடந்தது அன்றுதான், எல்லார் கையிலும் கோப்பை.

எல்லாம் இப்படி இனிக்கவில்லை. வருகிறேன் என்று சொல்லி வராமல் விட்டவர் ஒருவர். அரை மணித்தியாலம் என்பதை ஒன்றரை மணித்தியாலமாக விளங்கிக்கொண்டவர் ஒருவர். அவர் பேசிய அந்தக் கூட்டத்தில் கடைசிவரை இருந்த பதினொரு பேருக்கும் தனியாக, தலை தாழ்த்தி, நன்றி.

வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் மாதம் தவறாமல் வந்து, பிள்ளைகளுக்கு இடம்விட்டுப் பின்னுக்கு இருந்த பெரியவர்களே, நீங்கள் வந்தபடியால்தான் "வெளியாட்கள் எல்லாம் வருகிறார்கள்" என்று சொல்லி அடுத்தடுத்த மாதம் அறை கேட்க முடிந்தது. செட்டியார் தெருவிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஒரு பெட்டிப் புத்தகத்தை ஓட்டோவில் ஏற்றி வந்த அண்ணா, விற்றாலும் விற்காவிட்டாலும் ஒரே முகம்தான் உங்களுக்கு. ஒரு நாள் ஒரே நூலில் பதினாலு பிரதி போனது. முந்நூறு பிரதி அடிக்கிற நூலில் பதினாலு என்பது பெரிய கணக்கு என்று நீங்கள் சொன்ன பிறகுதான் எங்களுக்கும் உறைத்தது.

அடுத்த மாதம் முதல் செயலாளர் பொறுப்பை நாயைப் பற்றிக் கேட்டவள் எடுக்கிறாள். விண்ணப்பத்தில் திகதியை இரண்டு பேர் பார்க்கவேண்டும் என்று ஏற்கனவே சட்டம் போட்டுவிட்டாள். அறைத் திறப்பு இப்போதும் என் பைக்குள்தான் கிடக்கிறது, நாளைக்கு மாமாவிடம் கொடுத்துவிடுகிறேன். பெட்டி அண்ணாவின் கணக்கில் மட்டும் இரண்டு பிரதிக்குக் காசு குறைகிறது. "பிறகு தாறன்" என்று சொல்லி எடுத்துப்போனவர்கள் மூன்றாவது வியாழன் வரும்போது மறக்காமல் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
வாசிப்பு வட்டத்தின் செயலாளர் (மாத முடிவு வரை)
கொழும்பு