அன்று விசிலடித்தது யார்?

கம்மவான்பேட்டை

அன்புள்ள ஏழுமலைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்தது. தங்கச்சி வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாள் என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். மல்லாட்டை விதைத்துவிட்டு மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சிக்கிமில் லாச்சுங் போகும் வழியில் நம் முகாம் இருந்ததே, அங்கே விடியுமுன் மூங்கில் புதருக்குள் யாரோ விசிலடித்தது நினைவிருக்கிறதா? ஒரே சுரம், இழுத்து, துக்க வீட்டுக் குரல் மாதிரி. அரை நிமிடம் அமைதி, மறுபடி ஒன்று. நீ துப்பாக்கியும் டார்ச்சுமாகச் சரிவில் இறங்கினாய். திரும்பி வந்தபோது காலில் ஏழெட்டு அட்டைகள், ஆளைக் காணோம். சுமை தூக்க வந்த நேபாளிப் பெரியவர் "பியூரா, பியூரா" என்று சிரித்தார். நமக்கு விளங்கவில்லை.

அது பறவை, ஏழுமலை. மலைக் கௌதாரி. பேரன் போனில் அதன் குரலைப் போட்டான். முதல் விசிலிலேயே எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தக் குளிரும் நனைந்த கம்பளி வாசனையும்கூட வந்துவிட்டன.

நம் ஊர்க் கௌதாரி அளவுதான், சுமார் 28 செ.மீ. சேவலுக்குச் செங்காவித் தலை, வெள்ளைக் கீற்றோடிய கறுப்புத் தொண்டை, அதன் கீழே வெள்ளைப் பட்டை. பகலெல்லாம் ஓக் மரத்தடியில் சருகைக் கிளறி விதையும் பூச்சியும் தின்னும். இருட்டினால் மரக்கிளைக்கு ஏறிவிடும். நேபாளத்தில் இருந்த ஹாட்ஜ்சன் என்ற ஆங்கிலேயர் 1837-ல் இந்த வகைக் கௌதாரிகளுக்கு ஆர்போரோபிலா என்று பெயர் வைத்தார். மரத்தை நேசிப்பது என்று பொருளாம். சேவல் விசிலடிக்கும்போது பெட்டையும் 'க்விக்விக்விக்' என்று சேர்ந்துகொள்ளும். அந்த இரண்டாவது குரலைத்தான் எதிராளியின் பதில் சங்கேதம் என்று நாம் மேலே தகவல் அனுப்பினோம்! ஒரு ஜோடி கூடிப் பாடியிருக்கிறது. இருட்டில் நீ சுடாமல் திரும்பினாயே, அதை இப்போது நினைத்தாலும் உன் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பேரனை அமிர்திக் காட்டுக்கு அழைத்துப் போனேன். முள்காட்டில் நம் கௌதாரி 'கத்தீத்தர், கத்தீத்தர்' என்று கத்தியது. தாய் முன்னே ஓட, கட்டைவிரல் பருமனில் ஐந்து குஞ்சுகள் வண்டித்தடத்தைக் கடந்தன. கடைசிக் குஞ்சு தடத்தின் பள்ளத்தில் விழுந்து, இரண்டு முறை சறுக்கி, மூன்றாம் முறை ஏறி ஓடியது. நானும் நீயும் பள்ளிக்கூட நாளில் கண்ணி வைத்துப் பிடித்தவை எத்தனை! போன மாதம் ஓடையோரம் இரண்டு கண்ணிகளைப் பார்த்தேன். 1972-லேயே சட்டம் வந்தும் நிற்கவில்லை. இரண்டையும் அறுத்தெறிந்தேன். யார் வைத்தது என்று தெரிந்தால் வீட்டுக்கே போய்க் கேட்பேன்.

ஆடிக் கிருத்திகைக்குத் தங்கச்சியோடு வந்துவிடு. மொட்டை மாடியில் விளக்கை அணைத்துவிட்டு அந்த விசிலைப் போடச் சொல்கிறேன்.

உன்
முனுசாமி