மாலதிக்கு, மகளின் பிரசவத்தை முன்னிட்டு

அன்புள்ள மாலதிக்கு,

உன் மூட்டுவலி குறைந்திருப்பது பெரிய நிம்மதி. ஆனால் கடிதம் முழுக்க மகளின் தலைப்பிரசவக் கவலைதான் தெரிகிறது. வலி நீண்டால் சிசேரியன்தான் என்று யாரோ அவளைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். இத்தனை வருடங்களாகப் பிரசவ அறையிலேயே பணிபுரிகிறவள் நான். இதற்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

தலைப்பிரசவம் நீள்வது இயல்பு. கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு செண்டிமீட்டராவது திறக்க வேண்டும் என்று முன்பெல்லாம் எதிர்பார்த்தார்கள். அந்த வேகம் பல பெண்களுக்கு வராது. தாயும் சேயும் நலமாக இருக்கும்போது இதை மட்டும் வைத்துத் தலையிட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொல்லிவிட்டது. முதல் 5 செண்டிமீட்டர் திறக்க எவ்வளவு நேரம் என்று வரையறுக்கவே முடியாது. அதன் பிறகும் முழுதாகத் திறக்கத் தலைப்பிரசவத்தில் 12 மணி நேரம் வரை ஆகலாம். ஆகவே லேசான வலி தொடங்கியதுமே மருத்துவமனைக்குப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதல்ல. நடக்கட்டும், நிமிர்ந்து உட்காரட்டும், களைத்தால் ஒருக்களித்துப் படுக்கட்டும். மல்லாந்தே கிடக்க வேண்டாம். தண்ணீர் குடிக்கட்டும். சிறுநீரை அடக்க விடாதே, நிறைந்த சிறுநீர்ப்பை குழந்தையின் தலை இறங்குவதற்கு இடைஞ்சல். வலி வலுவாக இல்லையென்றால் அதை வலுப்படுத்தும் ஆக்சிடோசின் சொட்டு மருந்து ஏற்றுவார்கள். அது உதவிதான், பயப்பட ஒன்றுமில்லை. முழுதும் திறந்த பிறகு, முதல் குழந்தை பிறக்க மூன்று மணி நேரம்கூட ஆவதுண்டு.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது துணையைத்தான். வலி தொடங்கியதிலிருந்து ஒருவர் விடாமல் பக்கத்தில் இருந்து, இடுப்பை நீவி, தைரியம் சொன்னால் சிசேரியன் குறைகிறது என்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. செலவில்லாத இந்த மருந்தைப் பல இடங்களில் இன்னும் கதவுக்கு வெளியே நிறுத்திவைக்கிறார்கள் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

ஒன்று மட்டும் அவளிடம் சொல்லிவை. குழந்தையின் இதயத் துடிப்பு தடுமாறினாலோ, வலுவான வலி இருந்தும் மணிக்கணக்காகத் துளியும் முன்னேற்றம் இல்லையென்றாலோ, அப்போது சிசேரியன்தான் சரி. அதை அவள் தன் தோல்வியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிரசவ அறைக்குள் உன்னை அனுமதிப்பார்களா என்று இப்போதே கேட்டு, என்ன சொன்னார்கள் என்று எழுது.

அன்புடன்,
சாந்தா